கல்யாணத்துக்கு வந்த மெஷின்

ஒரு வீட்டில் ஒரு மெஷின் இருந்தது.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில், பூபதி என்பவனுடைய வீடு அது. மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்தைப் புகையாக்கித் தருகிற ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய். குழாயின் நுனியில், மீன் முகம் வரைந்த ஒரு மாஸ்க்.

பூபதியின் மகள் மௌலிகாவுக்கு ஆறு வயது. நாலு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். நெஞ்சு இறுகும்போதெல்லாம் அந்த மீனை முகத்தில் வைத்துக்கொண்டு மருந்துப் புகையை இழுப்பாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகிவிடும். மறுபடியும் விளையாடப் போய்விடுவாள்.

மெஷின் குடியிருந்தது பீரோவில். பூபதியின் மனைவி மேகலா, தன் பழைய சேலைகளுக்கு அடியில், மேலே ஒரு துண்டைப் போர்த்தி அதை வைத்திருந்தாள்.

"நான் என்ன திருட்டுச் சாமானா?" என்று மெஷின் ஒருநாள் மாஸ்கிடம் கேட்டது. "என்னை வெளியே எடுத்தால் முதலில் கதவைச் சாத்துகிறார்கள். அப்புறம் ஜன்னலை. அப்புறம் டிவியை அலற விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் என் ஸ்விட்சையே போடுகிறார்கள்."

"உன் சத்தம் அப்படி," என்றது மாஸ்க். "மாவு மில் மாதிரி."

"சத்தம் போடாமல் நான் எப்படிக் காற்றைத் தள்ளுவது?"

"என்னிடம் கேட்டு என்ன செய்ய? முன்னறையில் உட்கார்ந்திருப்பவரைப் போய்க் கேள்."

முன்னறையில் உட்கார்ந்திருந்தது கௌரவம். அதை யாரும் கூப்பிடவில்லை. பூபதியின் தங்கை சிந்துஜாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயத்தில், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு தானாக வந்தது. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"பெண் வீட்டில் ஒரு குழந்தைக்கு வீசிங் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள் தெரியுமா?" என்று அது பூபதியின் காதருகே குனிந்து சொல்லும். "வம்சத்திலேயே இருக்கிறது என்பார்கள். நாளைக்கு சிந்துஜா பெறுகிற பிள்ளைக்கும் வரும் என்பார்கள். வாயைத் திறக்காதே."

பூபதி திறக்கவில்லை. குழந்தை ஏன் இருமுகிறாள் என்று யாராவது கேட்டால், "சளி புடிச்சிருக்குதுங்க, சரியாப் போயிரும்" என்பான். மேகலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவளும் டிவி சத்தத்தைக் கூட்டத்தான் செய்தாள்.

ஒருவழியாக சிந்துஜாவுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் விசாகன், பவானிக்காரர். கல்யாண நாளும் வந்தது. காலையில் மண்டபத்துக்குக் கிளம்பும்போது மேகலா பீரோவைத் திறந்தாள்.

"அத எதுக்கு எடுக்கற?" என்றான் பூபதி.

"ஏனுங்க, பாப்பா விடியக்காலையிலயே ரெண்டு தடவ இருமிட்டா. கூட்டம், பொகை எல்லாம் இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்."

"அத்தன சொந்தபந்தத்து முன்னாடி இத எடுத்து வெச்சீன்னா என்ன ஆகும்னு ரோசன பண்ணியா? தாலி ஏறட்டும் மேகலா. அப்பறம் என்னமோ பண்ணிக்க. இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்."

அவன் வெளியே போனான். கௌரவம் முதல் ஆளாகப் போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. மேகலா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு பெரிய கட்டைப் பையின் அடியில் மெஷினை வைத்து, மேலே தேங்காய்களையும் துண்டுகளையும் அடுக்கினாள்.

"எங்கே போகிறோம்?" என்று இருட்டுக்குள் கேட்டது மாஸ்க்.

"எங்கேயோ," என்றது மெஷின். "தேங்காய் கனக்கிறது. பேசாமல் இரு."

மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் வாசலில் சரவெடி வெடித்தார்கள். புகை படி ஏறி ஹாலுக்குள் வந்தது. உள்ளே மேடையில் ஏற்கெனவே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. மௌலிகா பட்டுப்பாவாடையோடு மற்ற குழந்தைகளுடன் நாற்காலிகளுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தூரத்தில் இருந்த மேகலாவுக்கு அவள் நின்ற விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடினாள். குழந்தையின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே குழிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்.

"என்ன கண்ணு? எப்படியிருக்குது?"

"அம்மா... மூச்சு..." என்றாள் மௌலிகா. அடுத்த வார்த்தை வரவில்லை.

மேகலா குழந்தையை இடுப்பிலும் பையைத் தோளிலுமாக மணமகள் அறைக்கு ஓடினாள். அங்கே அலங்காரம் முடிந்து சிந்துஜா மேடைக்குப் போயிருந்தாள். மேகலா தேங்காய்களைத் தரையில் உருட்டிவிட்டு மெஷினை எடுத்தாள். மருந்துக் குப்பியின் தலையைத் திருகி, மாஸ்கின் அடியிலிருந்த கிண்ணத்தில் ஊற்றினாள். பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டாள்.

மெஷின் அசையவில்லை.

"என்ன ஆயிற்று உனக்கு?" என்று பதறியது மாஸ்க்.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே கரண்ட் இல்லை."

அறை வாசலில் நின்ற, மண்டபத்தில் வேலை பார்க்கும் அம்மா சொன்னாள்: "கரண்ட் போயி நேரமாச்சுங்க. ஜெனரேட்டர்ல ஓடுது. மேடையிலயும் ஹாலுலயும் மட்டுந்தான் வரும். ரூமுக்கெல்லாம் லைன் இல்லீங்க."

மேகலா ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் மெஷினையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினாள். குழாய் தரையில் இழுபட்டு வந்தது. பூபதி மேடைக்குக் கீழே, மைக் செட் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. முதலில் அவன் பார்த்தது மெஷினை. அப்புறம்தான் குழந்தையை.

"வண்டிய எடுக்கறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்," என்றான்.

"வாசல்ல அத்தன வண்டி அடைச்சுக்கிட்டு நிக்குது. எப்ப எடுப்பீங்க, எப்பப் போவீங்க? முதல்ல மருந்து உள்ள போகோணும். அந்தப் பிளக்கக் குடுங்க." ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயரை அவள் கண்ணால் காட்டினாள்.

பூபதி நகரவில்லை. கௌரவம் அவன் இரண்டு தோள்களையும் பின்னாலிருந்து பிடித்திருந்தது.

"மேடையைப் பார்," என்றது அது. "மாப்பிள்ளையின் அம்மா இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாலி இன்னும் தட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பொறு."

"கொஞ்ச நேரம் அவளிடம் இல்லை," என்றது மெஷின். பூபதியிடம் அது பேசியது அதுதான் முதல் தடவை.

"இது வெளியே வந்தால் நான் போய்விடுவேன் பூபதி!" என்றது கௌரவம்.

"நான் உள்ளேயே இருந்தால் அவள் போய்விடுவாள்."

மௌலிகாவின் உதட்டோரம் லேசாக நீலம் பாய ஆரம்பித்தது. அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான்.

"அப்பா..." என்றாள். ஒரு மூச்சு இழுத்தாள். "இங்க... டிவி... இல்லையேப்பா."

பூபதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தன் மூச்சை யாரும் கேட்கக் கூடாது என்று இந்தக் குழந்தை கற்றுவைத்திருக்கிறாள். கற்றுக்கொடுத்தது அவன்.

அவன் மைக் செட்டின் பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

ஸ்பீக்கர்கள் செத்தன. நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தையைக் கண்டதும் வாத்தியத்தைக் கீழே இறக்கினார். தவிலும் நின்றது. அந்த நிசப்தத்தில் மெஷின் உறுமத் தொடங்கியது. பீரோவிலும் மூடிய அறையிலும் கிடந்த சத்தம் முழுவதும் அந்த ஹாலில் விழுந்தது. அத்தனை தலைகளும் திரும்பின.

பூபதி பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்துக்கொண்டான். மேகலா மீன் முகத்தை அவள் முகத்தில் பொருத்தினாள். மருந்து வெண்புகையாக ஏறியது.

"இழு தங்கம். மெதுவா இழு."

"பலமாகப் பிடித்துக்கொள்," என்று மெஷின் மாஸ்கிடம் சொன்னது.

"அவள் இழுக்கவே மாட்டேன் என்கிறாள்!"

"இழுப்பாள். நீ விட்டுவிடாதே."

"என்ன பூபதி இது? முகூர்த்தம் தப்புதே!" என்று ஒரு பெரியப்பா கத்தினார். மேடையிலிருந்து சிந்துஜா சொன்னாள்: "தப்பட்டும் பெரியப்பா. பாப்பா மூச்சு உடட்டும்." அவள் மணவறையிலிருந்து எழுந்தே விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா குணவதி படியிறங்கி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பூபதியின் எதிரே நின்று குழந்தையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்குது?"

பூபதி தலை நிமிராமலே சொன்னான்: "நாலு வயசுல இருந்துங்க அத்தை. உங்ககிட்டச் சொல்லல. மறைச்சுட்டனுங்க."

குணவதி பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு சட்டென்று தரையில் உட்கார்ந்தார். மேகலாவின் கையை விலக்கி மாஸ்கைத் தானே பிடித்தார்.

"ஓரத்துல பொகை போவுது பாரு அம்மிணி. இப்படி மூக்கு மேல அழுத்திப் புடிக்கோணும். தம்பி, புள்ளைய இன்னும் நிமுத்தி உக்கார வைங்க." பிறகு திரும்பி மேடையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அந்தச் சாம்பிராணிய யாராச்சும் வெளிய கொண்டு போங்கப்பா! கதவெல்லாம் தொறந்து உடுங்க!"

மேகலா அவர் கையையே பார்த்தாள். பழகிய கை அது.

"உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம்..."

குணவதி குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "விசாகனுக்கு வருசக்கணக்கா இப்படித்தான் புடிச்சு வெச்சிருக்கேன். இப்பவும் பனி எறங்குனா வரும். நாங்களும் உங்ககிட்டச் சொல்லல."

அவ்வளவு பெரிய ஹாலில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பூபதி மேடையைப் பார்த்தான். சிந்துஜாவும் விசாகனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

கிண்ணத்தில் மருந்து குறைந்துகொண்டே வந்தது. மௌலிகாவின் தோள்கள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தன. பிறகு, ஒரு மூச்சு கொஞ்சம் நீளமாக இறங்கியது. அடுத்தது அதைவிட நீளமாக. தொண்டைக்குழி குழிவது நின்றது. உதட்டில் நிறம் திரும்பியது.

"இழுக்கிறாள்," என்றது மாஸ்க். மெஷினுக்குப் பதில் சொல்லவும் நேரமில்லை. உறுமிக்கொண்டே இருந்தது.

மௌலிகா கண்ணைத் திறந்து, புகைக்குள்ளிருந்து தன்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். மிரண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பாக்கட்டும் கண்ணு," என்றான் பூபதி. அவன் அழுதுகொண்டிருந்தான். "எல்லாரும் பாக்கட்டும். நீ இழு."

மேடையில் சிந்துஜா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மருந்து வெச்சிருக்கீங்களா?"

விசாகன் தயங்கி, வேட்டி மடிப்பிலிருந்து, வாயில் வைத்து மருந்து இழுக்கிற ஒரு சிறிய நீலப் பம்பை எடுத்துக் காட்டினார்.

"காலையிலிருந்து மூச்சு விடாமல் கிடக்கிறேன்," என்றது பம்பு.

"சட்டப் பையில வைங்க," என்றாள் சிந்துஜா. "மடியில தேடிட்டு இருக்க முடியாது." கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் போய் மணவறையில் மறுபடி உட்கார்ந்தாள்.

மருந்து தீர்ந்து மெஷின் ஓய்ந்ததும் தாலி கட்டினார்கள். மௌலிகா அப்பாவின் தோளில் சாய்ந்தபடி, கையில் இருந்த அட்சதையைப் போட்டாள். போட்ட கையோடு பூபதியும் மேகலாவும் அவளை டாக்டரிடம் காட்டக் கிளம்பினார்கள். வாசலை அடைத்திருந்த வண்டிகளை விசாகனின் தம்பிமார் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கோபம் தீராத அந்தப் பெரியப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபதி மெஷினைப் பையில் போடாமல், குழாய் தொங்க, கையிலேயே பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தான்.

ஹாலின் கடைசி வரிசையில் கௌரவம் தனியாக நின்றது. அதன் வேட்டி மடிப்புக் கலைந்திருந்தது. பக்கத்தில் பட்டுச்சேலையில் இன்னொன்று நின்றது. அதன் முகமும் இதே முகம்தான். அது குணவதியோடு பவானியிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றையொன்று அன்றுதான் பார்த்தன. பேசிக்கொள்ள எதுவும் இல்லாமல், எல்லோரும் போகிற பக்கமாகச் சாப்பாட்டு ஹாலுக்கு நடந்தன.

பந்தி நிறைந்துகொண்டிருந்தது. வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தவர் கைகூப்பிக் கேட்டார்:

"வாங்க, வாங்க. நீங்க பொண்ணு வீடுங்களா, மாப்பிள்ளை வீடுங்களா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சொல்வதற்கு ஒரு வீடு இல்லை.