அடுக்கி விட்டுவிட்ட பழக்கம்

ஒரு கணினி மொழிக்குள்ளே ஒரு நூலகம் இருந்தது. பேருக்குத்தான் நூலகம், மருந்துக்குக்கூட அங்கே ஒரு புத்தகம் கிடையாது. இருந்ததெல்லாம் வேலைக்காரர்கள். எந்த ஊர் நிரல், அதாவது புரோகிராம், கூப்பிட்டாலும் ஓடிப்போய்ச் சொன்னதைச் செய்துவிட்டு வர வேண்டும்.

அவர்களில் ஒருவன் அடுக்கி. எதைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தித் தருவது அவன் வேலை. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேர் எல்லா வகையிலும் சமமாக இருந்தால், முதலில் வந்தவரை முன்னால் விடுவான். அப்படிச் செய்யச் சொல்லி அவனுக்கு உத்தரவு எதுவும் இல்லை. அவனாகச் செய்தான்.

பக்கத்து அறையில் அளவன் இருந்தான். யாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கருவி. அடுத்தவர் நேரத்தை எண்ணியே தன் பொழுதைக் கழிப்பவன்.

“அண்ணே, சேதி தெரியுமா? அடுத்த பதிப்புல உங்க இடத்துக்குப் பாய்ச்சல்னு ஒரு பையன் வர்றானாம். போட்டி வைக்கப் போறாங்க. தோத்தா உங்க மேல காலாவதிச் சீட்டுதான்.”

அந்தச் சீட்டு ஒட்டப்பட்டவர்களை அடுக்கி பார்த்திருக்கிறான். யாரும் அவர்களைத் துரத்துவதில்லை. கூப்பிடுவதும் இல்லை.

“நான் எங்கேப்பா நேரத்தை விடறேன்?”

“சமமா இருக்கிறவங்ககிட்டதான். யார் முதல்ல வந்தாங்கன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு மெனக்கெடறீங்க. யாருண்ணே கேட்டா இதை?”

யோசித்துப் பார்த்தால் யாரும் கேட்கவில்லைதான். அடுக்கி பழக்கத்தை விட்டான். வேலை பறந்தது. சரிபார்க்கும் சோதனையம்மாளும் வந்து பார்த்து, வரிசை சரிதான் என்று பச்சைக்கொடி காட்டிவிட்டுப் போனாள். அடுக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே டோக்கன் வந்து நின்றது. ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை டாக்டரிடம் அனுப்பும் நிரல் அது. காய்ச்சல் அதிகமுள்ளவரை முன்னால் நிறுத்த அடுக்கியைத்தான் கூப்பிடும்.

“என்ன பண்ணி வச்சிருக்கே நீ?” என்றது டோக்கன். “செங்கமலம்னு ஒரு அம்மா, கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே கைக்குழந்தையோட வந்துட்டாங்க. இன்னும் உக்காந்திருக்காங்க.”

“அப்புறம் வந்தவங்களுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியா இருந்திருக்கும்.”

“இல்ல. அந்தக் குழந்தைக்கு இருக்கிற அதே காய்ச்சல்தான்.”

“அப்போ சமம்தானே? யார் முன்னாடி நின்னா என்ன?”

“ஒவ்வொரு புது ஆள் வரும்போதும் உன்னைக் கூப்பிடறேன். ஒவ்வொரு தடவையும் அவங்களைப் பின்னாடி தள்ளிடறே. அவங்க யார்கிட்டயும் சண்டைக்குப் போகல. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உக்காந்திருக்காங்க.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் அடுக்கியைச் சுட்டது. வெட்கமாக இருந்தது. அங்கேயே, அப்போதே பழைய பழக்கத்தை எடுத்துக்கொண்டு வரிசையைத் திருத்தினான். செங்கமலம் குழந்தையோடு உள்ளே போன பிறகுதான் டோக்கன் கிளம்பியது.

“போட்டியில தோத்துடுவீங்கண்ணே” என்றான் அளவன்.

“தோத்துட்டுப் போறேன்.”

அடுக்கி நேரே சோதனையம்மாளிடம் போனான். “அம்மா, சமமா இருக்கிறவங்களையும் இனிமே சேர்த்துப் பாருங்க.”

அவள் அசந்துபோனாள். “நீ ஒழுங்காவே செஞ்சுக்கிட்டு இருந்தியா, அப்படி ஒண்ணைப் பார்க்கணும்னே எனக்குத் தோணலப்பா.”

போட்டி நாள் வந்தது. அடுக்கி பாதி வேலையில் இருக்கும்போதே பாய்ச்சல் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அளவன் கைதட்டினான். சோதனையம்மாள் இரண்டு வரிசைகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பாய்ச்சலுக்குச் சிவப்புக்கொடி காட்டினாள்.

பாய்ச்சலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ரெண்டு பேரும் சமம்தானே? யார் முன்னாடி நின்னா என்ன?”

அடுக்கி தன் வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

“பின்னாடி நிக்கிறவங்களைக் கேளு, தம்பி.”