தாசையனின் கட்டைவிரல்

நாகப்பட்டினத்தில் வேதவல்லி என்று ஒரு பல் டாக்டர். அவரிடம் வேர் சிகிச்சை கற்றுக்கொள்ள வந்தவர் தாசையன். அவரும் டாக்டர்தான், வயதில் மூத்தவரும்கூட. ஆனால் அது இத்தனை காலமும் பல்லைப் பிடுங்கியே பழகிய கை.

அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அஞ்சப்பன். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர்.

"விடிஞ்சா ஏலம் டாக்டரம்மா. மூஞ்சி வீங்கிச்சுன்னா ஏலம் கூற எம் இடத்துல மச்சான் ஏறி நின்னுக்குவான். அப்புறம் இறங்கவே மாட்டான்."

"வீங்காது. வாயைத் திறங்க."

பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டியதும்தான் அவர் பேச்சு நின்றது. வேருக்குள் இருக்கிற கிருமியைக் கழுவும் மருந்தைத் தாசையன் ஊசியில் ஏற்றி, பல்லுக்குள் இறக்கினார்.

"ஊசி உள்ளே லேசா ஆடணும். சிக்கக் கூடாது," என்றார் வேதவல்லி.

"சரிங்க மேடம்."

சிக்கியது.

"மருந்து இறங்க மாட்டேங்குது மேடம். கொஞ்சம் அழுத்தட்டுமா?"

"காலையில என்ன சொன்னேன்?"

"அழுத்தக் கூடாதுன்னு."

"நேத்து?"

"அதேதான்."

"இப்ப உங்க கட்டைவிரல் என்ன பண்ணுது?"

தாசையன் குனிந்து பார்த்தார். விரல் விறைத்துப்போய், அமுக்கத் தயாராக நின்றது.

வேதவல்லி அந்தக் கையைப் பிடித்து ஊசியை வெளியே எடுத்தார். "சுவர்கிட்டச் சொல்லியிருந்தா அதுகூட இந்நேரம் கேட்டிருக்கும்," என்றபடி, தாசையனின் நீலச் சட்டைக்கையில் அந்த மருந்தில் ஒரு சொட்டு விட்டார்.

"ஐயோ! புதுச்சட்டை மேடம்!"

"துடைக்காதீங்க. பாருங்க."

பார்க்கப் பார்க்க நீலம் வெளிறி, ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது.

"சட்டைக்கே ஐயோங்கிறீங்க. வேர் நுனியைத் தாண்டினா இவர் சதை. அங்க போனதை எதை வச்சுத் துடைப்பீங்க?"

ரப்பருக்குப் பின்னாலிருந்து, "ங்ஙா?" என்று அஞ்சப்பன் கண்ணை உருட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. பேசாம படுங்க."

தாசையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அழுத்தாம எப்படி மேடம் சுத்தமாகும்?"

வேதவல்லி வேறு ஊசி மாட்டினார். உள்ளே இறக்கி, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் தொட்டாற்போல் தள்ளினார். பல்லின் வாயில் கலங்கலாக நீர் பொங்கி வந்தது. உறிஞ்சு குழாய் அதை இழுத்துக்கொண்டது. மறுபடி தள்ளினார். கலங்கல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"இந்தாங்க, நீங்க செய்யுங்க."

தாசையன் இந்தத் தடவை ஆள்காட்டி விரலைத்தான் வைத்தார். ஊசி ஆடியது. ஆனால் கண் மட்டும் மருந்தின் அளவுக்கோட்டிலேயே இருந்தது.

"இவ்வளவு உள்ளே போயிருக்கு மேடம். போதுமா?"

வேதவல்லி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"போனதையே பார்த்துக்கிட்டிருக்கீங்களே சார். திரும்பி என்ன வருதுன்னு பாருங்க."