பேச்சித்தாயின் உப்பும் சாப்பாடு விசாரித்த செல்போனும்

தூத்துக்குடி உப்பளத்துக்கு ஒரு கம்பெனி மூன்று புத்திசாலிகளை அனுப்பி வைத்தது. அவ்வளவு மூளையையும் வைத்துக்கொள்ளச் சென்னையில் இடமில்லை என்று கேள்வி. மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் செயலி ஒன்றைச் செய்துதர வேண்டும். புறப்படும்போது மேலதிகாரி ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்த ஜனங்க பழக்கம் எப்படியோ, அப்படியே செய்யணும். உங்க மேதாவித்தனத்தைக் காட்டாதீங்க."

மூவருக்கும் தலைவனான ஜெரால்டுக்கு அது வேதவாக்கு.

அளத்தில் பேச்சித்தாய் குவித்து வைத்த உப்பு லாரிக்குக் காத்திருந்தது. மழை பெய்தால் அவள் பட்ட பாடெல்லாம் கரைந்துவிடும். முன்னாலேயே தெரிந்தால் கீற்றுப் போட்டு மூடிவிடலாம். பாவம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"வாங்க, சாப்டாச்சா?" என்று வரவேற்றாள்.

"ஆச்சு."

"என்ன குழம்பு?"

அன்று எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் இதையே கேட்டார்கள். மூவரும் மோட்டார் கொட்டகையில் கூடி ஆலோசித்தார்கள்.

"மழையைப் பத்தி யாருமே முதல்ல பேசலை," என்றாள் மிருதுளா.

"அப்போ செயலியும் சாப்பாட்டை விசாரிச்சிட்டுத்தான் மத்ததைப் பேசணும்," என்றான் நவநீதன்.

"குழம்பு?"

"குழம்பை விட்டா மரியாதையா இருக்காது," என்று ஜெரால்டு தீர்ப்புச் சொன்னான்.

கிளம்பும்போது பேச்சித்தாய், "உப்புப் பக்கத்துல நின்னு மழைன்னு மட்டும் சொல்லிராதீங்க, ஆகாது. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க," என்றாள். ஜெரால்டு உடனே அந்த வார்த்தையைச் செயலியிலிருந்து தூக்கிவிட்டு, நல்ல வார்த்தைகளைப் போட்டான்.

அடுத்த வாரம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. செயலி ஏற்றிக் கொடுத்திருந்த செல்போன் அடித்தது. பேச்சித்தாய் ஓடிவந்து எடுத்தாள்.

"சாப்டாச்சா?" என்றது.

"ஆச்சு, ஆச்சு!" காலையிலிருந்து பட்டினி. ஆனாலும் கேட்டால் அப்படித்தானே சொல்ல முடியும்?

"என்ன குழம்பு?"

"கருவாடு! சொல்ல வந்ததைச் சொல்லித் தொலையேன்!"

"ரொம்ப சந்தோஷம். எல்லாம் நல்லபடியா நடக்கும்," என்று அது வாழ்த்தி முடிப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கீற்றை இழுத்துப் போட்டுப் பாதிக் குவியலைத்தான் அவளால் காப்பாற்ற முடிந்தது. மீதி அவள் கண்ணெதிரே கரைந்து ஓடியது. வயிற்றெரிச்சல் தாங்காமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மூவரும் சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து, செயலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"உங்க மூணு பேரு தலையிலயும் இடி விழ!"

ஜெரால்டின் முகம் மலர்ந்தது. "இப்பதான் என்ன வேணும்னு தெளிவா சொல்லியிருக்காங்க," என்று அங்கேயே நின்று மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினான்: 'அடுத்து இடி வசதி. இடம், நம்ம தலை.'

மிருதுளாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "விழறதுக்கு முன்னாடி, சாப்டாச்சான்னு கேக்கணுமா?"

"பின்னே?" என்றான் ஜெரால்டு. "கேக்காம விழுந்தா மரியாதையா இருக்குமா?"