கிணற்றுக்குள்ளிருந்து வந்த கை

சாலிகிராமத்தில் கோதண்டத்தின் சலூன் நாற்காலி ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்காது. அன்றைக்கு அதில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் அரவாழி. இருபது வருஷமாகத் துணை நடிகர்.

'கொல்லைக்கிணறு' பேய்ப்படத்தின் முதல் பாகம் வந்தபோது ஜனங்கள் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாம் பாகத்தை யாரும் சீந்தமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவோ ஐம்பது நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் இந்தக் கை பண்ணின வேலை," என்று போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து வலது கையை நீட்டினார் அரவாழி.

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முத்துக்குமாரு நிமிர்ந்தார். "பேய் பொம்பளையாச்சே?"

"மூஞ்சி அந்தம்மாவோடது. கிணத்துலேர்ந்து எழும்பி வர்ற கை என்னோடது. முதல் டேக்குல சுண்டுவிரலைத்தான் அசைச்சேன். கேமராமேன் கேமராவோட ஓடிட்டாரு. போரூர் சிக்னல்ல மடக்கிக் கூட்டியாந்தாங்க."

கோதண்டம் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"அது கெடக்கட்டும். ரெண்டாவது டேக்குல மோதிர விரலைத் தூக்கினேன். கிணத்துத் தண்ணி பயந்து பத்தடி கீழ போயிடுச்சு. லாரியில தண்ணி வரவழைச்சாங்க. அது இறங்கமாட்டேன்னு குழாய்லயே நின்னுக்கிச்சு."

"அப்புறம் எப்படி எடுத்தீங்க?"

"தண்ணிக்குக் கண்ணைக் கட்டித்தான்."

முத்துக்குமாரு பேப்பரை மடித்து வைத்தார். அரவாழிக்கு அது போதுமானதாக இருந்தது. குரலைத் தாழ்த்தினார். "கடைசியில நிஜப் பேயே ஒண்ணு வந்துச்சு. அறுபது வருஷமா அந்தக் கிணத்துலதான் குடித்தனமாம். 'அண்ணே, இனிமே இங்க இருக்கத் தைரியமில்லே'ன்னு ஒரே அழுகை. விருகம்பாக்கத்துல ஒரு பழைய வீடா பாத்து நான்தான் சேத்துவிட்டேன்."

கோதண்டம் அவர் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தினார். "நான் ரெண்டு தடவை பாத்தேன்ணே. கிணத்துலேர்ந்து கை எதுவும் வரலியே."

அரவாழி கண்ணாடியைப் பார்த்தார். எதிரே நுரை பூசிய மனிதர் ஒருவர் பதில் தேடிக்கொண்டிருந்தார். சமாளிக்க என்னவோ வாயில் வந்தது. அவரே அதை விழுங்கிவிட்டார்.

"வெட்டிட்டாங்கப்பா. படம் நீளமா போச்சாம்."

"முதல் பாகத்துல இருந்தீங்களா?" என்றார் முத்துக்குமாரு, கொஞ்சம் இரக்கத்தோடு.

"முழுசா இருந்தேன். படத்தை மூணு நாள்ல தியேட்டர்லேர்ந்து தூக்கிட்டாங்க. இதுல கையை மட்டும் எடுத்து, அதையும் வெட்டினாங்க, அம்பது நாள் தாண்டிடுச்சு. மூணாம் பாகத்துக்கு என்னை ஷூட்டிங் நடக்குற தெருப் பக்கமே விடாம பாத்துக்கிட்டாங்கன்னா, வெள்ளிவிழாதான்."

கோதண்டம் கத்தியைக் கன்னத்தில் வைத்தார். "காலையிலேர்ந்து சொன்னதுல இதைத்தாண்ணே நம்ப முடியுது. ஆடாம இருங்க."