‘வா’ படியிறங்கிய கதை

அந்தக் காலத்தில் சொற்களுக்கும் உயிர் இருந்தது. அவை சாப்பிடும், தூங்கும், கோபித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இப்போது நாம் ‘எடுத்துக்கொள்’, ‘பார்த்துவிடு’ என்று இரண்டு சொற்களை ஜோடி சேர்த்து வேலை வாங்குகிறோமே, அந்த வசதியெல்லாம் அப்போது கிடையாது. ஒரு வேலைக்கு ஒரு சொல், அவ்வளவுதான்.

அவற்றில் ‘போ’ என்பவன் சரியான ஊர்சுற்றி. ஒல்லி உடம்பு, காலில் எப்போதும் புழுதி. யார் வெளியூர் கிளம்பினாலும் கூடவே நடப்பான். ‘வா’ என்பவள் அவனுக்கு நேர்மாறு. வீட்டுக்கு ஒரு ‘வா’ இருந்தாள். வாசற்படியை விட்டு நகரவே மாட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து நன்றாகக் கொழுத்துப்போயிருந்தாள்.

வெளியூர் கிளம்புகிறவர் வீட்டில் யாராவது ஒருவரிடம் ‘போறேன்’ என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டவரே பிறகு வாசலில் நின்று ‘வா’ என்று குரல் கொடுக்கவேண்டும். அந்தக் குரல் மலையைத் தாண்டியும் கேட்கும்; போனவரின் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். குரல் வராவிட்டால் போனவர் வீட்டையே மறந்து, போன இடத்திலேயே தங்கிவிடுவார். வேறு யார் கூப்பிட்டாலும் பலிக்காது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கடம்பன், சடைச்சி என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். ஒரு மாசியில் சடைச்சிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அது இறங்கியபோது அவள் குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு கடம்பன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டினால் கூப்பிட ஆளில்லையே!

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. ஊரே விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டது. மலைக்கு அப்பால் விதை கிடைக்கிறதென்று ஆண்கள் எல்லாரும் கிளம்பினார்கள். கடம்பன் மட்டும் கயிறு திரித்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். சடைச்சிக்கு வயிற்றில் பிள்ளை. அடுத்த போகத்துக்கு நெல் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புருஷனைத் தொட்டு, பக்கத்து வீட்டைக் கையால் காட்டினாள்.

“இருளாயி அக்காகிட்ட ‘போறேன்’னு சொல்லச் சொல்றியா? நல்லா இருக்கே!” என்றான் கடம்பன். “அவ கூப்பிட்டா அவ வாசல்லதானே நிப்பேன்? அவ புருஷன் என்னை விறகுக்கட்டையோட வரவேற்பான்.”

சடைச்சி சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை. அதைப் பார்த்ததும் கடம்பன் முகம் வாடியது.

“நெல்லு இல்லாட்டி காட்டுல கிழங்கு தோண்டலாம் புள்ள. உன்னை விட்டு எங்கயும் போகமாட்டேன்.”

காட்டில் கிழங்கும் தீர்ந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சடைச்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய், படியில் உட்கார்ந்திருந்த ‘வா’வை அப்படியே இரண்டு கையாலும் தூக்கினாள்.

“ஐயையோ, என்னை எங்கம்மா தூக்கற? நான் படி இறங்கினதே இல்லையே!” என்று ‘வா’ கத்தினாள்.

சடைச்சி காதில் வாங்கவில்லை. அவளைக் கொண்டுவந்து கடம்பனின் இடுப்பு மடியில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

கடம்பன் பதறிப்போனான். “உனக்கென்ன கிறுக்கா? ‘வா’ இல்லாத வீட்டுக்கு ஈ காக்கா வராது. நான் திரும்பலேன்னா நீ ஒண்டியா...”

அவள் அவன் வாயைப் பொத்தினாள். பிறகு மடியைத் தொட்டாள், அவன் உதட்டைத் தொட்டாள், வாசற்படியைக் காட்டினாள். கடம்பனுக்கு மெல்லப் புரிந்தது. கூப்பிடவேண்டியது அவள் இல்லை. இனி அவனே தன்னைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

“போறேன்,” என்றான். மடியைத் தொட்டுக்கொண்டான். “வரேன்,” என்றான். கிளம்புகிறவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

அவன் போன பிறகு சடைச்சி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேயப்போன மாடு வீடு வரவில்லை. முற்றத்துக் குருவி வரவில்லை. படுத்தால் தூக்கம்கூட வரவில்லை. இருளாயியால் வேலிவரைக்கும்தான் வரமுடிந்தது. அதற்குமேல் கால் எழாது. பாவம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கஞ்சிச் சட்டியை நீட்டுவாள்.

ஒருநாள் காலையில் ஊர்ப் பெண்கள் தத்தம் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடக் கூப்பிட, ஆண்கள் நெல்மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். தெருவெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. சடைச்சியும் வாசலில் நின்று வாயைத் திறந்து பார்த்தாள். மூச்சுதான் வந்தது. நானே கட்டிக்கொடுத்து அனுப்பினேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவர்களில் ஒருவருக்கும் கடம்பனைப் பற்றித் தெரியவில்லை. மறுநாளும் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இருளாயி வேலியோரம் நின்று, “அழாதடி, வயித்துப் புள்ளைக்கு ஆகாது,” என்று தானும் அழுதாள்.

ஒரு மத்தியானம் சடைச்சி அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தபோது வெளியே மூட்டை விழும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு சண்டைச் சத்தமும் கேட்டது.

“மெதுவா நடன்னு எத்தனை தடவை சொன்னேன்!”

“நீ குண்டா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

‘வா’வும் ‘போ’வும்தான். இருவருக்கும் நடுவில், தாடியும் மீசையுமாக, பாதி உடம்பாகக் கடம்பன் நின்றான்.

“அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கு புள்ள,” என்றான் மூச்சுவாங்க. “தண்ணி குடிச்சேன். ஊரு மறந்துபோச்சு. உன் பேருகூட மறந்துபோச்சு. ‘போ’ இன்னும் தூரம் இழுத்தான். இவ மடியில கிடந்து, படி காலியா கிடக்கே, படி காலியா கிடக்கேன்னு ஓயாம அழுதா. யாரோட படின்னு எனக்குத் தெரியல. ஆனா யார்கிட்டயோ ‘வரேன்’னு சொல்லியிருக்கோம்னு மட்டும் நெஞ்சுல குத்திச்சு. வாய்விட்டுச் சொன்னேன். கால் திரும்பிடுச்சு.”

சடைச்சி சாம்பல் கையோடு அவன் மார்பில் குத்தினாள், கட்டிக்கொண்டாள், சத்தமில்லாமல் அழுதாள். போன குரல் கடைசிவரை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அது யாருக்கும் குறையாகவும் தெரியவில்லை.

‘வா’வுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டுக்கொண்டே ‘போ’வின் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். இதைப் பார்த்து மற்றச் சொற்களும் துணை தேடிக்கொண்டன. இந்தச் சங்கதி கப்பலேறி இங்கிலீஷ்காரர் காதுக்கும் எட்டியதாம். அங்கேயும் ‘கெட்’ போய் ‘அப்’பைப் பிடித்துக்கொண்டது, ‘கிவ்’வும் தன் பங்குக்கு அதையே பிடித்துக்கொண்டது. இங்கிலீஷ் படிக்கிற, தனித்தனியாக அர்த்தம் தெரிந்த பிள்ளைகளெல்லாம் ஜோடியைப் பார்த்து இன்றைக்கும் தலையைச் சொறிகிறார்கள்.

நம் பக்கத்தில் யாராவது வாய்தவறி ‘போறேன்’ என்றால், “போயிட்டு வரேன்னு சொல்லு” என்று உடனே அதட்டுகிறோம். அன்று முதல்தான், வாசலில் நிற்பவர் கூப்பிடுவார் என்று விட்டுவிடாமல், கிளம்புகிறவர் தானே ‘வரேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறார்.