எங்கும் நிற்கக் கூடாத வண்டி

ஆலந்தோப்பு நகராட்சிக்கு நான்தான் தலைவர். ராஜா என்று என்னை யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு ஒரு கம்பெனி பச்சை நிற மின்சார சைக்கிள்களைக் கொண்டுவந்து இறக்கியது. செல்போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஓட்டிக்கொண்டு போய், வேலை முடிந்த இடத்தில் விட்டுவிடலாம். ஜனங்களும் விட்டார்கள். ரேஷன் கடை வாசலில், பஸ் ஸ்டாப்பில், ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலிப் பாதையில், எங்கே பார்த்தாலும் பச்சை. பேனா விற்கும் பார்வையற்ற தர்மலிங்கம் இரண்டு தடவை இடறி விழுந்தார். புகார் வந்தது. "பார்க்கலாம்" என்றேன்.

அப்புறம் நான் விழுந்தேன்.

பூங்கா திறப்பு விழா. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே பின்னால் நடந்தேன். மாலையும் கழுத்துமாக ஒரு பச்சை வண்டிமேல் மல்லாந்தேன். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் செல்போனிலும் நான் விழுந்துகொண்டிருந்தேன். உடனே எனக்குள் பொதுநலம் பொங்கியது.

மறுநாளே மன்றத்தைக் கூட்டினேன்.

"அந்த வண்டியெல்லாம் ஊரைவிட்டே போகணும்!"

பதினோராவது வார்டு உறுப்பினர் புனிதா எழுந்தார். "ஷிப்டுக்கு வர்ற நர்சுங்களுக்கு பஸ்ஸே கிடையாது தலைவரே. அவங்க வேற எதுல வருவாங்க?"

நர்சுகளுக்கு ஓட்டு உண்டு. யோசித்தேன்.

"சரி, ஓடட்டும். ஆனா எங்கேயும் நிக்கக் கூடாது."

பக்கத்தில் இருந்த நகராட்சி மேலாளர் அன்சாரி தொண்டையைக் கனைத்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "ஓடுற வண்டி எங்கேயாவது நிக்கணுமே தலைவரே. ஓரமா கோடு போட்டு இடம் ஒதுக்கிடலாம்."

"என்னைக் கவுத்த வண்டிக்கு நானே இடம் கொடுக்கணுமா பாய்? எழுதுங்க தீர்மானத்தை. நகராட்சி எல்லைக்குள் பொது இடத்தில் வாடகை வண்டி எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் பறிமுதல்."

"எதுவும்னே எழுதிடவா?"

"அழுத்தி எழுதுங்க!"

அழுத்தி எழுதினார்.

அடுத்த நாள் காலை நகராட்சி லாரி பச்சை வண்டிகளை அள்ளியது. ஜன்னலிலிருந்து பார்த்து மகிழ்ந்தேன். பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். காரைக் காணோம். டிரைவர் செல்வினுக்கு போன் போட்டேன்.

"எங்கேப்பா இருக்கே?"

"வந்துட்டேன் ஐயா... இதோ வந்துட்டேன்... போயிட்டேன் ஐயா!"

கார் என் கண்ணெதிரே மெதுவாக ஊர்ந்து கடந்து போனது. அதன் பின்னாலேயே நகராட்சி லாரி. லாரியில் அன்சாரி.

"என்ன பாய் இது?" என்று கத்தினேன்.

"அது செல்வினோட சொந்தக் கார் தலைவரே. நகராட்சி வாடகைக்கு எடுத்திருக்கு. ஓடலாம், நிக்கக் கூடாது. நின்னா நான் தூக்கணும்."

அடுத்த சுற்றில் கூடவே ஓடி, ஒரு செருப்பைத் தெருவில் தொலைத்து, எப்படியோ ஏறிவிட்டேன். இந்த உடம்பு ஏறியதே அதிசயம். ஓடும் காரிலிருந்து இறங்குவது நடக்கிற காரியமா? கல்யாண மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பெண்ணின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு ஜன்னலோரம் ஓடிவந்தார். பாதி சந்தனம் என் காதில் விழுந்தது. மொய்க் கவரை ஜன்னல் வழியாக நீட்டினேன். வாத்தியக்காரர்கள் நான் கடக்கும்போதெல்லாம் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

"பாய், தீர்மானத்தை ரத்து பண்ணுங்க!" என்று போனில் கெஞ்சினேன்.

"மன்றம் கூடணும் தலைவரே. அதுக்கு நீங்க இறங்கி வரணும்."

"எங்கேதான்யா இறங்கறது?"

"நகராட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் தாராளமா நிக்கலாம்."

ஊர் எல்லையைத் தாண்டி, ஒரு டீக்கடை முன்னால் கார் நின்றது. அங்கே பார்த்தால் வரிசையாகப் பச்சை வண்டிகள். பக்கத்து ஊர்களிலிருந்து ஓட்டிவந்த நர்சுகள், எல்லையிலேயே வண்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

"நீங்களும் இங்கதான் நிறுத்தினீங்களா சார்?"

குத்தலாகக் கேட்கவில்லை. என்னையும் தன்னைப் போல ஒருவனாக நினைத்துத்தான் கேட்டாள். அதுதான் சுருக்கென்றது. அவர்களோடு நடந்தேன். வெயிலில் தார் சுட்டது. மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் வேகமெடுத்தார்கள். போகும்போது அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகலே மன்றத்தைக் கூட்டினேன். பழைய தீர்மானம் ரத்து. சாலையோரம் கோடு போட்ட இடங்களில் மட்டும் பச்சை வண்டிகள் நிற்க வேண்டும். கோட்டுக்குள் வண்டி வந்தால்தான் பூட்டு விழ வேண்டும். அதுவரை வாடகை ஓடும். நடைபாதையிலும் ஆஸ்பத்திரிப் பாதையிலும் வண்டி கிடந்தால் கம்பெனிக்கு அபராதம். தர்மலிங்கத்தைக் கூட்டிப் போய், அவர் நடக்கும் வழியை விட்டுத்தான் கோடு போட வேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள்.

கல்யாண வீட்டில் ஜன்னல் வழியாக எனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து அன்சாரிக்குப் போர்த்தினேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பாய், ஒரு நகர்மன்றத் தலைவரை ஒரு இடத்துல நிக்கவிடாம விரட்டினீங்களே, நியாயமா?"

அன்சாரி சால்வையைச் சரிசெய்துகொண்டார். "உங்க பதவியே 'நகர்'னுதானே தலைவரே ஆரம்பிக்குது? 'நில்'லுன்னு இருந்தா நிக்க விட்டிருப்பேன்."

மன்றமே மேசையைத் தட்டிச் சிரித்தது. நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். புரிய வேண்டாமா?