வெளியே வரும் வாசல்

2023 ஜூலை 10, திங்கட்கிழமை, காலை எட்டே கால் மணி. மூன்று சேர்க்கைக் கடிதங்களுடன் அருளானந்து சிகிச்சைக் கூடத்துக்குள் வந்தார்.

அருளானந்துக்கு வயது நாற்பத்திரண்டு. திண்டுக்கல்லில் பதினாறு வருடமாகப் பிசியோதெரபி மையம் நடத்துகிறவர். முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது இது ஐந்தாவது வருடம். முதல் நான்கு வருடமும் இடம் கிடைக்கவில்லை. இந்த வருடம் மூன்று கல்லூரிகள் ஒரே வாரத்தில் இடம் கொடுத்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தவறினால் மூன்றும் போய்விடும். தவறான இடத்தில் சேர்ந்தால் இரண்டு வருடம் போய்விடும். ஆறாவது முறை விண்ணப்பிக்க வீட்டில் விடமாட்டார்கள்.

கூடத்தின் பொறுப்பாளர் ஷாஹிதா. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பட்டன் போடுவது, சோறு பிசைவது, பூட்டுத் திறப்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் பழக்குவது அவருடைய தொழில். அருளானந்தைவிட எட்டு வயது இளையவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஷாஹிதா பேசியதை அருளானந்து கேட்டார். அடுத்த சனிக்கிழமையே இங்கே வந்து ஓரமாக நின்றார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அருளானந்து ஷாஹிதாவை மேடம் என்பார். ஷாஹிதா அருளானந்தை அண்ணே என்பார். யார் குரு என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

உள்ளே வந்தவர் கடிதங்களை எடுக்கும் முன்பே, தரை துடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்திடம் நின்றார்.

"இடுப்பை வளைக்காதம்மா. முட்டியை மடக்கு."

"ரெண்டு வருசமா இதையேதான் சொல்றீங்க" என்றார் பஞ்சவர்ணம். "தரை கீழதான சார் கெடக்கு."

அருளானந்துக்கு இது பழக்கம். பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், வங்கியில் கழுத்தைச் சாய்த்துப் போன் பேசுகிறவர், கல்யாண வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி, ஒருவரையும் அவர் விட்டதில்லை. சம்பந்தி இப்போது பேசுவதில்லை.

ஷாஹிதாவின் மேசையில் கடிதங்களை வைத்தார். கூடவே ஓர் அட்டவணை. பதினெட்டுக் கட்டங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு.

"மூணுல எது மேடம்?"

ஷாஹிதா அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். பேராசிரியர் எண்ணிக்கை, நூலகம், ஆய்வகம், விடுதி, பயண நேரம், ஆராய்ச்சிக் கட்டுரைகள்.

"நல்லா இருக்கு. இதுல நோயாளிக்கு எந்தக் கட்டம்?"

அருளானந்து எட்டிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"படிக்கத்தான மேடம் போறேன்."

"கல்லூரியெல்லாம் நேர்ல பாத்தீங்களா?"

"மூணையும் பாத்தாச்சு. முதல்வரைப் பாத்தேன். ஆய்வகம் பாத்தேன்."

"எந்த வாசல் வழியா உள்ள போனீங்க?"

"முன்வாசல்."

"இந்தத் தடவை அவங்க சிகிச்சைப் பிரிவுல நோயாளிங்க வெளிய வர்ற வாசல்ல நில்லுங்க. நாளைக்கு ஒண்ணு, புதன் ஒண்ணு, வியாழன் ஒண்ணு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு மணி நேரம் போதும். அலுவலகத்துப் பக்கம் போக வேண்டாம்."

"நின்னு என்ன செய்யறது?"

"தோணுறதைச் செய்யுங்க. வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அருளானந்து வந்தார். முகம் தெளிவாக இருந்தது. சட்டையின் மேல் பட்டன் இரண்டும் இல்லை.

"முடிவு பண்ணிட்டேன் மேடம். ரெண்டாவது கல்லூரி."

"முதல்ல இருந்து சொல்லுங்க."

அருளானந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு நேராக உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை முதல் கல்லூரி. பெரிய பேரு. வெளிய வந்த ஒரு தையல்காரர்கிட்ட, இன்னைக்கு என்ன பண்ணாங்கன்னு கேட்டேன். மிஷின் வச்சாங்கன்னார். எதுக்குன்னு கேட்டேன். கழுத்துக்குன்னார். வீட்டுல என்ன பண்ணச் சொன்னாங்கன்னு கேட்டேன். நாளைக்கும் வரச் சொன்னாங்கன்னார்."

"அப்புறம்?"

"எனக்குப் பொறுக்கல. கழுத்துக்கு நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். அதைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு பேர் நின்னாங்க. அப்புறம் வாட்ச்மேன் குதிகால் வலின்னார். ஒரு மணி நேரத்துல ஒன்பது பேர் மேடம். வாட்ச்மேன் எனக்கு அவரு நாற்காலியையே குடுத்துட்டார். நாளைக்கும் வருவீங்களான்னு கேட்டார்."

ஷாஹிதா சிரித்தார். "ரெண்டாவது?"

"அங்க ஒவ்வொருத்தர் கையிலயும் அச்சடிச்ச தாள். படம் போட்டுப் பயிற்சி. நல்ல தாள்தான். ஒரு அம்மா அதை வச்சு விசிறிக்கிட்டு வந்தாங்க. இதுல உங்களுக்கு எது சொன்னாங்கன்னு கேட்டேன். எல்லாமேதான்னாங்க. பதினாலு படம் மேடம். அந்தம்மாவுக்கு மணிக்கட்டுல மட்டும்தான் வலி."

"என்ன செஞ்சீங்க?"

"பேனாவை எடுத்து ரெண்டே ரெண்டை வட்டம் போட்டுக் குடுத்தேன். அப்படியே ஆறு பேருக்கு ஆச்சு. அந்த நேரம் பாத்து அவங்க துறைத்தலைவரே வெளிய வந்துட்டார். திட்டப் போறார்னு நினைச்சேன். கைகுலுக்கினார். உங்களை மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும், சேர்ந்த முதல் மாசத்துல இருந்தே இளநிலைப் பசங்களுக்கு வகுப்பு எடுங்கன்னார்." அருளானந்து முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டார். "பதினாறு வருச அனுபவத்தைப் பாத்த உடனே மதிக்கிறாங்க. அதான் ரெண்டாவது."

"மூணாவது?"

"அது சரிப்பட்டு வராது மேடம்."

"ஏன்?"

"தூரம்."

ஷாஹிதா திங்கட்கிழமை வாங்கி வைத்த அட்டவணையைப் புரட்டினார். "மூணுலயும் அதுதான் பக்கம். நாப்பது நிமிசம்னு நீங்களே பச்சை அடிச்சிருக்கீங்க."

"வாசல்ல நிழல் இல்ல."

"பட்டன் எங்க போச்சு?"

நேற்றுப் போட்ட சட்டையையே போட்டு வந்திருப்பதை அருளானந்து அப்போதுதான் பார்த்தார். பஞ்சவர்ணம் பக்கத்து மேசையைத் துடைக்க வந்தார். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

"ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் மேடம். இருளப்பன்னு பேரு. இடது முட்டியில கோளாறு. கைத்தடியை இடது கையிலயே பிடிச்சிட்டு வந்தார்."

"எந்தக் கால் முடியலையோ, அதுக்கு எதிர்க் கையிலதான தடி இருக்கணும்?" என்றார் பஞ்சவர்ணம். இந்தக் கூடத்தில் அவருக்கு ஒன்பது வருடம் ஆகிறது.

"அதான். முதல் வருசப் பையனுக்கே தெரியற விசயம். எனக்குப் பாத்ததும் பதறிடுச்சு. நேரா போய்த் தடியை வாங்கி வலது கையில வச்சு, இப்ப நடங்கன்னேன்."

"கேட்டீங்களா?"

"என்ன கேக்கறது?"

"எதையாவது."

"இல்ல மேடம்."

"நடந்தாரா?"

"வலது தோள்ல பழைய முறிவு. சட்டைக்குள்ள இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கை பாரம் தாங்காது. தடி ஒரு பக்கம் போச்சு, அவரு ஒரு பக்கம் போனார். விழாம இருக்க என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டார்."

பஞ்சவர்ணம் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அடி ஒண்ணும் படல" என்றார் அருளானந்து அவரிடம். "நிமிர்ந்து நின்னு என்னை மேலயும் கீழயும் பாத்தார். தம்பி, கேட்டுட்டுத்தான கை வைக்கணும், இங்க உங்களுக்கு அதைச் சொல்லித் தரலையான்னார். ஐயா, நான் இங்க படிக்கலன்னேன்."

"அதுக்கு?"

"தெரியுதுன்னார்."

பஞ்சவர்ணம் துணியால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஷாஹிதா சிரிக்காமல் இருக்கத் தண்ணீர் குடித்தார்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். எந்தக் கையில பிடிக்கணும்னு எனக்கும் தெரியும் தம்பி, முதல் நாள் அந்தப் பொண்ணும் அதைத்தான் சொல்லுச்சுன்னார். நாலு அடி வச்சதும் தோள் பிடிச்சிக்கிச்சாம். அந்தப் பொண்ணு அவரை உக்கார வச்சுட்டு, பஸ்ல டிக்கெட் கிழிக்கிறப்ப எந்தப் பக்கம் சாஞ்சு நிப்பீங்க, எத்தனை வருசம், வீட்டுல படி எந்தப் பக்கம்னு அரை மணி நேரம் கேட்டுச்சாம். மூணு நாள் மாத்தி மாத்தி நடக்க வச்சு அளந்து பாத்துட்டுதான் இடது கைன்னு முடிவு பண்ணுச்சாம். வாத்தியார் வந்து அந்த அளவை மறுபடி எடுத்தாராம்."

"எந்தப் பொண்ணு?"

"முதுநிலை மாணவி. முதலாண்டு."

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

"முதல் இடத்துல ஒன்பது பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றார் ஷாஹிதா. "ரெண்டாவதுல ஆறு. மூணாவதுல?"

"யாருக்கும் இல்ல."

"எத்தனை மணிக்கு அங்க போனீங்க?"

"ஒன்பதரை."

"எப்ப கிளம்புனீங்க?"

அருளானந்து மேசையில் கிடந்த அட்டவணையை நேராக்கி வைத்தார்.

"பன்னெண்டரை இருக்கும்."

"நான் ஒரு மணி நேரம்னுதான சொன்னேன்?"

"அவரு போனதும் கிளம்பலாம்னுதான் இருந்தேன் மேடம். அடுத்து ஒரு கொத்தனார் வந்தார். எதுவும் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணி, என்ன செஞ்சாங்கன்னு மட்டும் கேட்டேன். கரண்டியோட பிடியில துணி சுத்திக் குடுத்திருக்காங்க, சிமெண்ட் பூசுற கரண்டி. எதுக்கு அந்த அளவு தடிமன்னு அவரே எனக்கு விளக்கினார். அதுக்கப்புறம் பூ கட்டுற ஒரு அம்மா. அவங்க விரல்ல போட்டிருந்த கட்டு புது மாதிரியா இருந்துச்சு, நான் பாத்ததில்ல. அதை வரைஞ்சு வச்சுக்கிட்டேன். நேரம் போனதே தெரியல."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். இரண்டு பக்கமும் வரைந்திருந்தது.

"ஆனா அங்க எனக்கு மரியாதை இல்ல மேடம். துறைத்தலைவர் என்னைத் தாண்டித்தான் ரெண்டு தடவை போனார். யாருன்னுகூடக் கேக்கல. அது போக அந்தக் கண்டக்டர் வாரம் மூணு நாள் வர்றவராம். சேர்ந்தா இன்னும் ஆறு மாசத்துக்கு என்னைப் பாத்துச் சிரிப்பார்."

ஷாஹிதா மூன்று கடிதங்களில் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"மூணு மணி நேர அட்டெண்டன்ஸ் உங்களுக்கு அங்க ஏற்கெனவே இருக்கு, அண்ணே."

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, மூன்றாவது கல்லூரியில் முதுநிலை முதலாண்டு வகுப்பு தொடங்கியது. பதினொரு மாணவர்கள். அருளானந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.